அலைக்குப் பக்கத்தில் அக்கா
சென்னையிலேயே பிறந்து வளர்ந்த அக்கா, சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு மெரினாவைச் சாலையோரத்தில் இருந்துதான் பார்த்தாள், மணலில் சக்கரம் புதைந்துவிடும், நாலு பேர் தூக்கிப்போகச் சம்மதிக்கவே மாட்டாள். 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டார்கள். திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துவிட்டது, அப்புறம் சரிசெய்தார்கள். போன ஞாயிறு அக்கா தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கடைசி வரை போனாள். உப்புக்காற்று முகத்தில் அடிக்க, அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாதையை அடைத்து நின்று செல்ஃபி எடுப்பவர்களே, சக்கர நாற்காலி வந்தால் தயவுசெய்து நகருங்கள். பக்கத்துப் பூங்கா வாசலிலும் ஒரு சாய்வுதளம் வேண்டும், அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.