கிணற்றுத் தரவு வரைபடமாகும் வரை: மட்டக்களப்பு வேலைக் குறிப்பேடு

2025 பெப்ரவரி 3, திங்கள்

வாவியோரக் கிணறுகளின் உவர்த்தன்மைத் தரவு எக்செல் கோப்பாக வந்திருக்கிறது. நாவலடி தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை. எடுத்தவர்களுக்கு அது விளங்கும், கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளுக்கு விளங்காது. மேலே இரண்டு நிரைத் (கிடை வரிசைத்) தலைப்பு, ஊர்ப் பெயருக்கு ஒன்றிணைத்த கலங்கள், ஊருக்கு ஊர் நடுவே வெற்று நிரை, அடியில் சராசரி. சந்தேகமான அளவீடுகளுக்கு மஞ்சள் நிறம் பூசியிருக்கிறது. சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்த கணமே அந்த மஞ்சள் போய்விடும். ஆகவே முதல் வேலை: தரக்குறி என்று ஒரு நிரல் (செங்குத்து வரிசை) சேர்த்து, மஞ்சளுக்கு 2, மற்றவற்றுக்கு 1. பிறகு ஒன்றிணைத்த கலங்களைப் பிரித்து, ஒவ்வொரு நிரையிலும் ஊர்ப் பெயரை நிரப்பி, சராசரியை அழிப்பது. ஒரு நிரை என்றால் ஒரு கிணறு, ஒரு திகதி. அவ்வளவுதான்.

கிணற்று எண்கள் 3-4, 3-5 என்று இருக்கின்றன. சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் இவற்றைத் திகதியாக்கிவிடும். அப்படியே சேமித்தால் மூல எண் மீளாது. தரவுத் தாவலில் உள்ள இறக்குமதி வழியாகப் போய், அந்த நிரலின் வகையை உரை என்று கொடுக்கவேண்டும். அதைவிட நல்லது எண்ணையே கி03_04 என்று மாற்றிவிடுவது. முன்னால் ஓர் எழுத்து இருந்தால் எந்த மென்பொருளும் அதை எண்ணாக எடுக்காது.

2025 பெப்ரவரி 5, புதன்

ஆள்கூறுகள். கூடுதல் நேரம் இதற்குத்தான் போகும்.

ஒரே நிரலில் மூன்று விதம் கலந்திருக்கிறது. சிலது தசமப் பாகை, சிலது ஜிபிஎஸ் கருவியில் இருந்து அப்படியே எழுதிய பாகையும் தசம நிமிடமும், மிச்சம் மீற்றரில் ஆறு இலக்க எண்கள்.

இரண்டாவது விதம்தான் மோசம். காத்தான்குடிப் பக்கத்துக் கிணறு ஒன்று கருவியில் 07°41.020', 081°43.500' என்று காட்டும். அதை 7.41020, 81.43500 என்று தட்டிவிடுவார்கள். சரியான கணக்கு: 41.020 ஐ 60 ஆல் வகுத்தால் 0.68367, அகலாங்கு 7.68367, நெட்டாங்கு 81.72500. தட்டியபடி விட்டால் புள்ளி தென்மேற்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளி, அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியில் போய் உட்காரும். அங்கேயும் கிணறுகள் இருப்பதால் படத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: நிரலை வரிசைப்படுத்தி, தசமத்துக்குப் பின்னுள்ள முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். எங்குமே 59 ஐத் தாண்டவில்லை என்றால் அது நிமிடம்.

மீற்றர் எண்களுக்கு, எந்தக் கட்டம் (ஆள்கூற்று வலை) என்று கேட்காமல் கை வைக்கக்கூடாது. மட்டக்களப்பு நகரை அண்டிய ஓர் இடம் 1999 இலங்கைக் கட்டத்தில் (ஈபிஎஸ்ஜி என்ற ஆள்கூற்று முறைமைக் குறியெண் 5235) கிழக்கு 602,000, வடக்கு 579,000 அளவில் வரும். பழைய கண்டவளைக் கட்டத்தில் (5234) அதே இடம் 302,000, 279,000. காரணம், பழையதில் மூலப்புள்ளிக்கு 200,000 கொடுத்தார்கள், புதியதில் 500,000. உலகப் பொது மீற்றர்க் கட்டமான யூடிஎம் 44 வடக்கில் (32644) கிழக்கு 577,000 அளவு, வடக்கு 850,000 ஐத் தாண்டும். யூடிஎம்மின் கிழக்கும் 1999 கட்டத்தின் வடக்கும் நம் பகுதியில் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக இருப்பதைக் கவனிக்கவும். ஒரு நிரலை மட்டும் பார்த்துக் கட்டத்தைத் தீர்மானிப்பது ஆபத்து, இரண்டையும் சோடியாகப் பார்க்கவேண்டும்.

கட்டம் தெரிந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. மென்பொருளில் படலத்தின் (வரைபட அடுக்கின்) ஆள்கூற்று முறைமையை "அமை" என்பது பெயர்ப்பலகையை மாற்றுவது மட்டுமே, எண்கள் அசையாது. உண்மையில் மாற்ற, மூலக் கட்டத்தைச் சரியாக அமைத்துவிட்டு, ஏற்றுமதி செய்யும்போது 4326 ஐ, அதாவது ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அகலாங்கு நெட்டாங்கை, தெரிவு செய்யவேண்டும். பழைய கண்டவளை அகலாங்கு நெட்டாங்கை மாற்றாமல் டபிள்யூஜிஎஸ் 84 என்று சொல்லிவிட்டால் நூறு மீற்றருக்கு மேல் விலகும். உள்நாட்டில் இது கண்ணில் படாது. நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; கிணறு தண்ணீருக்குள் நிற்கும்.

தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அது ஏறத்தாழ 1.1 மீற்றர். பத்து இலக்கம் எழுதினால் கைக் கருவி துல்லியமாகிவிடப் போவதில்லை.

2025 பெப்ரவரி 6, வியாழன்

திகதி எல்லாம் 2024-04-03 வடிவுக்கு. 03/04 என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று கோப்பு சொல்லாது.

பழைய நீர்மட்டப் பதிவுகளையும் சேர்ப்பதானால் நேரவலயம் முக்கியம். 1996 அக்டோபர் கடைசியில் இருந்து 2006 ஏப்ரல் 15 வரை இலங்கை நேரம் உலக நேரத்தில் இருந்து 6 மணி முன்னால் இருந்தது, அதன்பின் 5:30. 2004 டிசம்பர் 26 தரவை இன்றைய நேரமென்று எடுத்தால் அரை மணி பிசகும். வற்றுப்பெருக்குக் கோடு வரைபவருக்கு அரை மணி சின்ன விசயமில்லை. உலக நேரத்துக்கு ஒரு தனி நிரல் போட்டாயிற்று.

2025 பெப்ரவரி 10, திங்கள்

மின்கடத்துதிறன் (உவர்த்தன்மையைக் காட்டும் அளவு) நிரலில் 1850 இருக்கிறது, அடுத்த நிரையில் 2.1. கிணறு திடீரென்று இனித்துவிடவில்லை. கருவி மைக்ரோசீமென்ஸில் இருந்து மில்லிசீமென்ஸுக்குத் தானாகத் தாவியிருக்கிறது, எழுதியவர் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறார். 2.1 ஐ ஆயிரத்தால் பெருக்கி 2100. ஆனால் 60க்குக் கீழ் உள்ளதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கக்கூடாது; சோதனைக்கு எடுத்த மழைநீரின் அளவீடும் தரவில் கலந்திருந்தால் அதுவும் பெருகிவிடும். கடல்நீர் 50 மில்லிசீமென்ஸ் அளவில் வரும், அதாவது 50,000 மைக்ரோசீமென்ஸ். கிணற்றுக்கு அதற்கு மேல் வந்தால் களப்புத்தகத்தைத் திறந்து பார்க்கவேண்டும். அலகை நிரலின் பெயரிலேயே எழுதிவிட்டேன். எண்ணோடு சேர்த்து எழுதினால் முழு நிரலும் உரையாகிவிடும். 1,850 என்ற காற்புள்ளியும் வேண்டாம், சிஎஸ்வியில் அது நிரலையே உடைத்துவிடும்.

நைத்திரேற்றுக்கு "<0.05" என்று சில இடங்களில் இருக்கிறது. இரண்டு நிரலாகப் பிரிப்பு: பெறுமானம் 0.05, குறி "கீழ்". அளக்காத இடம் வெறுமையாகவே இருக்கட்டும். பூச்சியம் போட்டால் இடைக்கணிப்பில் (கிணறுகளுக்கு இடைப்பட்ட இடங்களை மதிப்பிடும் கணக்கில்) அந்தக் கிணற்றைச் சுற்றி நல்ல தண்ணீர் வட்டம் ஒன்று முளைக்கும். தரவில்லை என்பதற்குக் குறியாக -9999 போட்டு, அது என்னவென்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால் இன்னும் கேவலம்.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

தமிழ்ப் பெயர்கள். சில தாள்கள் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. எழுத்துரு கழன்றதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். முதலில் யூனிகோட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கவேண்டும்.

ஷேப் கோப்பு என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் நிரல் பெயருக்குப் பத்து பைட்டுகள்தான் இடம். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பிடிக்கும், புள்ளியும் ஒரு குறியீடே. "ஆழம்" என்பதே நான்கு குறியீடு, 12 பைட்டு, அதற்குக்கூட இடமில்லை. "மட்டக்களப்பு" 36. ஆகவே ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவம்: ஒரே கோப்பு, தமிழ் நிரல் பெயர் முழுதாக நிற்கும், வெறுமை வெறுமையாகவே இருக்கும்.

பிரதேச செயலகப் பிரிவு எல்லைகளோடு ஊர்ப் பெயரை வைத்து இணைத்தபோது கொக்கட்டிச்சோலை நிரைகள் ஒட்டவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நீளத்தைக் கேட்டால் ஒன்று 15, மற்றது 17. "கொ"வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம், "சோ"வும் அப்படியே. பைதனில் என்எஃப்சி (குறிகளை ஒன்றாக்கிய) வடிவுக்கு ஒரு வரியில் மாற்றினால் சரி. இருந்தாலும் பெயரை நம்பி இணைப்பது நல்ல பழக்கமில்லை. ஆங்கில எழுத்தில் காத்தான்குடிக்கே பல எழுத்துக்கூட்டல் உண்டு. நிர்வாகப் பிரிவுக் குறியீட்டை வைத்து இணைப்பதே நிலைக்கும்.

2025 பெப்ரவரி 13, வியாழன்

பின்னணிக்கு மழைப் படலம். சேர்ப்ஸ் என்ற செய்மதி மழைத் தரவு 0.05 பாகைக் கட்டம், ஒரு கட்டம் ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர். ஆஸ்கி கட்டமாக (எண்களை எழுதிய எழுத்துக் கோப்பாக) மாற்றும்போது தலைப்பில் கொடுக்கும் ஆள்கூறு கீழ் இடது கட்டத்தின் மூலையா மையமா என்பதைப் பார்க்கவேண்டும். மாறினால் படலம் அரைக் கட்டம், 2.7 கிலோமீற்றர், நகரும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே நமக்கிருக்கும் நிலமே ஒரு கீற்று. எண்களின் முதல் நிரை வடக்கு எல்லை. தலைகீழாக எழுதிய கோப்பில் வாகரை மழை தெற்கே பெய்யும்.

2025 பெப்ரவரி 17, திங்கள்

இணையப் படத்துக்கு ஜியோஜேசன் கோப்பு வடிவம். அதில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. கூகுள் மப்பில் இருந்து நகலெடுத்தால் வரிசை மறுபக்கம். மாறிப்போனால் மட்டக்களப்பு ஆர்க்டிக் கடலில் இருக்கும். உடனே தெரிகிற பிழை, அதனால் பயமில்லை.

கோப்போடு ஒரு விளக்கத் தாளும் போகிறது: நிரல், அலகு, கட்டம், நேரவலயம், தரக்குறியின் பொருள். ஒன்று மட்டும் பாக்கி. நீர்மட்ட ஆழம் கிணற்றுக் கட்டின் விளிம்பிலிருந்து அளந்ததா நிலத்திலிருந்தா என்று எழுதவில்லை. விளிம்பென்றால் கட்டின் உயரத்தைக் கழிக்கவேண்டும், அது கிணற்றுக்குக் கிணறு வேறு. களத்துக்குப் போகிறவர்களிடம் அளவுநாடா கொடுத்து, கட்டின் உயரத்துக்கு ஒரு வெற்று நிரல் போட்டு அனுப்பியிருக்கிறேன்.