குழந்தை ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்க்கும் எண்

ரத்த நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைபாடோ, டாக்டருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் முதல் சீட்டில் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி இருக்கும், கூடவே ஸ்மியர், அதாவது ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. லேபில் ஊதா மூடிக் குழாயை மெஷினில் வைத்தால் ஒரு நிமிடத்தில் எண்கள் வந்துவிடும். அவற்றைச் சரியாகப் படிப்பதுதான் எங்கள் வேலை.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் மிகக் குறைவாக 22,000 என்று வருகிறது, ஆனால் நோயாளிக்கு எங்கும் ரத்தக்கசிவு இல்லை என்றால் ஸ்லைடைப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டை விடமாட்டேன். ஸ்மியரின் வால் பக்கம் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏவில் சிலருடைய ரத்தம் அப்படித்தான் ஆகும், கொத்தை மெஷின் பிளேட்லெட்டாக எண்ணாது. நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்க வைப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும்.

இதையாவது பலரும் கவனிக்கிறார்கள். கவனிக்காமல் போவது கைக்குழந்தையின் லிம்போசைட் எண், அதாவது தொற்றை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளையணுவின் எண். நான்கு மாதக் குழந்தை ஒன்று, திரும்பத் திரும்ப நிமோனியா, வாயில் வெள்ளைப் படலம், எடை ஏறவே இல்லை. மொத்த வெள்ளையணு 8,000, லிம்போசைட் 14 சதவீதம், அதாவது 1,120. வெளியே எடுத்த பழைய ரிப்போர்ட்டிலும் ஏறக்குறைய அதே எண்தான், பக்கத்தில் ஒரு குறியும் இல்லை, ஏனென்றால் அதில் அச்சாகியிருந்தது பெரியவர்களுக்கான 1,000 முதல் 4,000 வரையிலான அளவு! அந்த வயதில் 3,000க்குக் கீழே போனாலே எஸ்சிஐடி என்ற கடுமையான எதிர்ப்புச் சக்திக் குறைபாடு இருக்குமோ என்று யோசிக்க வேண்டும். உடனே வார்டுக்குப் போன் செய்தேன். லிம்போசைட்டின் வகைகளான டி செல், பி செல்லைத் தனித்தனியாக எண்ண ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற சோதனைக்கு ரத்தம் போனது. ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவை மட்டும் நம்பக்கூடாது, முதல் சில மாதங்களுக்கு அது தாயிடமிருந்து வந்ததாகவே இருக்கும்.

இங்கே பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி போட்டுவிடுகிறோம். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி, இந்தக் குழந்தைகளுக்கு அதுவே நோயாக மாறலாம். தொற்று முற்றுவதற்குள் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை செய்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, அதனால் ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

அதற்கப்புறம் எங்கள் சாஃப்ட்வேரில் வயதுவாரியான அளவுகளை ஏற்றச் சொல்லிக் கேட்டு வாங்கினோம். சதவீதத்தோடு மொத்த எண்ணும் இப்போது அச்சாகிறது. உங்கள் லேபிலும் கேளுங்கள். சாம்பிள் எடுப்பவர்கள் சீட்டில் வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள், வெறும் ‘குழந்தை’ என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.