வால் மரீ: புல்வெளியும் கம்போ சேறும்

வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தால், 'சேறு கழுவிய செலவு' என்று பில்லில் தனியாக ஒரு வரி ஏற்றி நீட்டுகிறார்கள். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்துத் தென்மேற்கில், அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் வால் மரீ. ஜனத்தொகை நூற்றுச் சொச்சம். கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதிக்கு இதுதான் வாசல். போக நினைப்பவர்கள் ஓட்டல் வாடகையை விசாரிக்கும் முன் மண்ணை விசாரிக்க வேண்டும்.

அந்தக் களிமண்ணுக்கு உள்ளூர்ப் பெயர் கம்போ. எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான பென்டோனைட் கலந்தது. காய்ந்திருந்தால் சிமென்ட் தரை. நனைந்தால் உப்பி, வழுக்கி, அப்பிக்கொள்ளும். டயரின் பள்ளங்களை அடைத்து வழவழப்பாக்கிவிடுவதால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூடப் பிடிமானம் இல்லாமல் தடுமாறும். அப்புறம் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். வானம் கறுத்தால் மண்பாதையை விட்டு உடனே ஜல்லிச் சாலைக்கு வந்துவிடுங்கள். சிக்கிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்து மேலும் புதைக்காதீர்கள். மழை விட்டு, வெயிலும் காற்றும் சேர்ந்து பாதையைக் காய வைக்கும்வரை பொறுக்கத்தான் வேண்டும். பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்ப முடியாது. ஜல்லிச் சாலையில் ஓட்டலாமா, முன்கண்ணாடி விரிசலுக்குக் காப்பீடு உண்டா என்று வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுங்குங்கள், கல் தெறிக்கும்.

பேருந்தில் போய்ப் பணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்றால், மாகாண அரசின் பேருந்து நிறுவனத்தையே 2017 மே மாதத்தோடு மூடிவிட்டார்கள். கார் இல்லாத கிழவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள் என்று யாராவது யோசித்தார்களா, தெரியவில்லை. மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 245 கி.மீ. போனால் ஸ்விஃப்ட் கரன்ட். அங்கே பெட்ரோலை முழுசாக நிரப்பி, மளிகையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 4-ஆம் எண் சாலையில் தெற்கே சுமார் 120 கி.மீ.

வழி தவறுவது கஷ்டம், காரணம் நில அளவை. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். தெற்கு வடக்காக மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக இரண்டு மைலுக்கு ஒன்று எனச் சாலைக்கு இடம் விட்டு அளந்திருக்கிறார்கள். ஆனால் காகிதத்தில் விட்ட இடமெல்லாம் சாலை ஆகிவிடவில்லை. வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று திரும்பினால் டிராக்டர் தடத்தில் போய் நிற்பீர்கள்.

அந்தக் கட்டத்துக்குள் ஆட்களைக் கொண்டுவந்த கதைதான் ஊரின் சரித்திரம். 1857 முதல் 1860 வரை இந்தப் பக்கம் சுற்றிய நில ஆய்வாளர் ஜான் பாலிசர், இது விவசாயத்துக்கு ஆகாத வறண்ட பூமி என்று எழுதிவைத்தார். அரசாங்கம் கேட்டால்தானே! 1872-இன் நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருடம் குடியிருந்து உழுது காட்டினால் பட்டா. 1906-07 குளிர்காலம் பெரிய பண்ணைகளின் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. மேய்ச்சல்காரர்கள் ஆடிப்போன இடத்தில் குடியேறிகள் வந்தார்கள். 1910-ஐ ஒட்டிப் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள் இங்கே ஊர் அமைத்தார்கள். 1920-களில் ரயில் வந்தது, தானியக் கிடங்கும் நிமிர்ந்தது. 1930-களின் வறட்சி பாலிசர் சொன்னதை நிரூபித்தது. அதன்பின் ஃபிரெஞ்ச்மேன் ஆற்று நீரைத் தேக்கிப் பாசனம் செய்தார்கள். அந்த ஆறு மில்க், மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது.

உழ லாயக்கில்லாத மேடுகள் உழப்படாமலே கிடந்தன. இன்றைக்குப் பூங்கா என்று நாம் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான். 1981-இல் ஒப்பந்தம் போட்டு, விற்கச் சம்மதித்தவர்களிடம் மட்டும் நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். முதலில் மேய்ச்சலை அடியோடு நிறுத்தியது மடத்தனம். மேயாத புல் மண்டி, குட்டைப் புல்லை நம்பும் பறவைகளுக்கு இடம் இல்லாமல் போகிறது. பிற்பாடு 2005 டிசம்பரில் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து 71 காட்டெருமைகளைக் கொண்டுவந்தார்கள்.

காட்டெருமை தூரத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தாலும் சரி, உரசு கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்காமல் வராதீர்கள். பனியாறு உருட்டிப் போட்டுவிட்டுப் போன பாறை. எருமைகள் தலைமுறை தலைமுறையாய் முதுகு சொறிந்ததில் விளிம்புகள் எண்ணெய் தடவியது போல் மழமழவென்றிருக்கின்றன, குளம்பு மிதித்த பள்ளம் சுற்றிலும் அகழியாக ஓடுகிறது. அருகிலேயே கூடாரத் தோலின் ஓரத்தை அழுத்தப் பழங்குடிகள் வைத்த கல் வட்டங்கள். பாதி மண்ணில் அமிழ்ந்து, மேல்பாதியில் ஆரஞ்சு நிறப் பாசி படர்ந்து கிடக்கும். கல்லை நகர்த்தாதீர்கள். எருமையிடம் குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

பிரெய்ரி நாய்களின் வளைகள் சாலையோரமே உண்டு. பெயர்தான் நாய், உண்மையில் அணில் இனத்துக் கொறிக்கும் பிராணி. கனடாவில் இவை இயற்கையாக வாழ்வது இந்தப் பகுதியில் மட்டும்தான். ஒன்று பின்னங்காலில் எழும்பித் தலையைப் பின்னால் எறிந்து கீச்சென்று கத்த, அடுத்தடுத்த வளைகளில் அதே கூத்து தொடரும். காசு கொடுத்தாலும் கிடைக்காத வேடிக்கை! பக்கத்தில் போய்த் தீனி மட்டும் போடாதீர்கள், பிளேக் அபாயம் உண்டு. விரியன் பாம்பும் உண்டு. கணுக்கால் மூடும் பூட்ஸ் போட்டு, கை வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். மே, ஜூனில் உண்ணி ஏறும், கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

கூடாரம் போடுபவர்கள் நீளமான முளைகள் கொண்டுபோக வேண்டும்; காற்றைத் தடுக்க மரமே கிடையாது, நிழலும் கிடையாது. நடக்கப் போனால் தலைக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர். 1874-இல் புவியியலாளர் ஜார்ஜ் டாசன் டைனோசர் எலும்பு கண்டெடுத்த கரடுகள் பூங்காவின் கிழக்குப் பகுதியில் இருக்கின்றன. மேற்கிலிருந்து பூங்காவுக்குள்ளேயே அங்கே போகப் பாதை இல்லை, வெளியே சுற்றித்தான் போக வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நாளும் தனியாக ஒரு டேங்க் பெட்ரோலும் ஒதுக்குங்கள்.