டோகாகுஷி: பேரிக்காய் கேட்கும் நாகர்

ஜப்பானின் நாகானோ நகரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் மலையேறினால் டோகாகுஷி. சரிவில் கீழிருந்து மேலாக ஜப்பானியரின் பழைய மதமான ஷிண்டோவின் ஐந்து சன்னதிகள். உச்சியில் இருக்கும் ஒகுஷா சன்னதிக்கு வண்டி போகாது. தோரி என்கிற சன்னதி நுழைவு வளைவருகே இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடுப்பாதை தெய்வம் போகிற வழி என்பதால் எல்லாரும் ஓரமாகவே நடக்கிறார்கள், நானும் அப்படியே.

பாதி வழியில் கூரை வேய்ந்த சிவப்பு வாசல். அதைத் தாண்டியதும் இருபுறமும் நானூறு வயதைக் கடந்த சுகி என்கிற ஜப்பானிய தேவதாரு மரங்கள், அண்ணாந்தால் கழுத்து வலிக்கும் உயரம். பேச்சு தானாகவே நின்றுவிடுகிறது. என்னைக் கேட்டால் டோகாகுஷியில் தரிசனம் இந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது.

இந்த மலைக்கு ஒரு புராணக் கதை உண்டு. தம்பி மேல் கோபித்துக்கொண்டு சூரிய தேவி அமதெராசு குகைக்குள் போய் ஒளிந்துகொள்ள, உலகமே இருண்டுபோனது. உபாயம் சொன்னவர் ஒமொய்கானே. ஆடிச் சிரிக்க வைத்தவள் உசுமே. சிரிப்புச் சத்தம் கேட்டு தேவி எட்டிப் பார்த்த நேரத்தில் பாறைக் கதவை இழுத்து எறிந்தவர் தஜிகராஓ. அந்தக் கதவு வந்து விழுந்ததுதான் இந்த மலையாம். மூன்று பேருக்கும் இங்கே தனித்தனிச் சன்னதி உண்டு, கதவை எறிந்த பலசாலிக்கு ஒகுஷா.

கடைசிப் படிகளில் மூச்சு வாங்கியது. ஒகுஷா பனிச்சரிவில் இடிந்தபின் கான்கிரீட்டில் எழுப்பிய சிறிய கட்டடம். விக்கிரகம் எதுவும் கண்ணில் படாது. இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கினேன்.

என் மனம் ஒட்டிக்கொண்டது பக்கத்துச் சன்னதியில். அங்கே இருப்பவர் குசுரியு, ஒன்பது தலை நாகர். கதவை எறிந்தவர் வருவதற்கு முன்பே இந்த மலைக்குச் சொந்தக்காரர் என்கிறார்கள். மழைக்கும் தண்ணீருக்கும் அதிபதி. அதோடு பல்வலிக்கும்! அவருக்குப் பிடித்தது பேரிக்காய். பல்வலிக்காரர்கள் அதைப் படைத்து, தாங்கள் அதைத் தின்பதை விட்டுவிடுவார்களாம். இத்தனை நெருக்கமான தெய்வத்திடம் எதையும் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டேன்.

அப்புறம் இறங்கி, நடுச் சன்னதியான சூஷாவில், பலன் சொல்லும் குறிச்சீட்டு வாங்கினேன். இங்கே நாமாக உருவ முடியாது. வயதைக் கேட்டு, பூசாரியே வேண்டிக்கொண்டு எடுத்துத் தருகிறார். பனிக்காலத்தில் மேலே உள்ள இரண்டு சன்னதிகளும் மூடியிருக்கும். போக நினைப்பவர்கள் மே மாதத்துக்குப் பிறகு போங்கள்.