மெர்சி சொன்னால் பட்டினி

மாணவர் பரிமாற்றத்தில் பிரான்சுக்கு வந்திறங்கும் அமெரிக்கப் பிள்ளை முதல் ராத்திரி அரைவயிற்றோடு படுப்பது புதிதல்ல. சமையலில் ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்கார அம்மா பாத்திரத்தை நீட்டி "இன்னும் கொஞ்சம்?" என்பார். பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்து "மெர்சி" என்று சொல்லும். பாத்திரம் அப்படியே அடுத்தவர் கைக்குப் போய்விடும். மெர்சி என்றால் நன்றிதான். ஆனால் சாப்பிடக் கொடுக்கும்போது வெறும் மெர்சி சொன்னால் "போதும்மா" என்றுதான் கணக்கு. வேண்டுமென்றால் "வுய், வொலோந்தியே" என்று வாய் திறந்து கேட்க வேண்டும்.

போதும் என்று சொல்வதிலும் வில்லங்கம் உண்டு. 'ஐ ஆம் ஃபுல்' என்பதை அப்படியே பிரெஞ்சாக்கி "ழ சுவி ப்ளேன்" என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால், மேசையில் இருக்கும் தம்பி தங்கைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 'ப்ளேன்' என்பது மாடு சினையாக இருப்பதற்குச் சொல்லும் சொல். "ழே பியென் மாஞ்ஜே", அதாவது நன்றாகச் சாப்பிட்டேன், என்பதோடு நிறுத்திக்கொண்டால் மானம் தப்பும். கெடாமல் காக்கும் 'ப்ரிஸர்வேட்டிவ்' என்ற நினைப்பில் ஜாமைக் காட்டி 'இதில் ப்ரெஸர்வத்தீஃப் உண்டா?' என்று கேட்கிற பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது. பிரெஞ்சில் அதற்கு ஆணுறை என்று அர்த்தம்.

மேசையில் கை வைப்பதற்கும் சட்டம் இருக்கிறது. அமெரிக்க வீட்டில் சும்மா இருக்கும் இடது கை மடியில் கிடக்க வேண்டும். பிரெஞ்சு வீட்டில் இரண்டு மணிக்கட்டும் மேசை விளிம்பில் தெரிய வேண்டும். ரொட்டிக்குத் தனித் தட்டைத் தேட வேண்டாம், மேசைவிரிப்பின் மேலேயே வைக்கலாம். தலைகீழாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அது கொலைத்தண்டனை நிறைவேற்றுபவனுக்கு ஒதுக்கிய ரொட்டி என்று பழைய நம்பிக்கை, பாட்டி இருந்தால் கையை நீட்டித் திருப்பி வைத்துவிடுவார்.

பெரிய குற்றம் சீஸில்தான் நடக்கும். ப்ரீ என்கிற சீஸ் முக்கோணத் துண்டாக வரும். அதன் கூர்முனையைக் குறுக்கே வெட்டி எடுத்தால் பேச்சு நின்றுவிடும். நடுவில் இருந்த கூர்முனைதான் குழைவான ருசியான பகுதி, பின்பக்கம் முழுக்கத் தோல். முனையை ஒருவரே எடுத்தால் கடைசி ஆளுக்குத் தோல்தான் மிஞ்சும். முனையிலிருந்து தோல்வரை பக்கவாட்டில் நீளமாகச் சீவினால் எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கும்.

அடுத்த சிக்கல் குளியலறை. கழிவறைக்கு வழி கேட்பதாக நினைத்து "சால் த பேன்" என்று கேட்டால் நேரே குளியலறைக்குத்தான் அனுப்புவார்கள். பல வீடுகளில் கழிவறை தனி அறை, அதற்கு "துவாலெத்" என்று கேட்க வேண்டும். வெந்நீர் பல வீடுகளில் இரவு மலிவு மின்சாரத்தில் சூடாகி ஒரே தொட்டியில் நிற்கும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் 20 நிமிடம் ஷவரில் பாட்டுப் பாடினால், பச்சைத் தண்ணீர் கலந்து வந்தாலும், 200 லிட்டர் தொட்டியின் வெந்நீரில் பாதிக்குமேல் காலி. சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள். ஊரிலிருந்து கொண்டுபோன ஹேர் டிரையரைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். 120 வோல்ட்டுக்கான 1500 வாட் டிரையரை 230 வோல்ட்டில் மாட்டினால் கிட்டத்தட்ட 5500 வாட் இழுக்கப் பார்க்கும். முடி காயும் முன் புகை வரும். 100-240 என்று எழுதியிருக்கும் போன் சார்ஜருக்கு ஒன்றும் ஆகாது, பிளக் அடாப்டர் மட்டும் போதும்.

மதிப்பெண் வந்ததும் அமெரிக்காவில் இருக்கும் தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறும். 20-க்கு 14 என்றால் 70 சதவீதம், அவர் கணக்கில் சுமார் ரகம். பிரான்சில் பக்கலோரியா என்கிற பள்ளி இறுதித் தேர்வில் சராசரி 14 வந்தால் 'நன்று' என்று சான்றிதழிலேயே போடுவார்கள்.

இந்தப் பரிமாற்றத்துக்குப் பேர்போன ஏ.எஃப்.எஸ். அமைப்பு, முதல் உலகப் போரில் பிரான்சில் காயம்பட்டவர்களை ஏற்றிச்செல்ல 1915-இல் தொடங்கிய அமெரிக்க ஆம்புலன்ஸ் படை. பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிமாற்றத்தை 1947-இல் ஆரம்பித்தது. போர்க்களத்திலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டார்கள், காயம் மட்டும் நின்றபாடில்லை.

எதிர்த்திசையில் போகும் பிரெஞ்சுப் பிள்ளைக்கும் கஷ்டம் உண்டு. 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டவரிடம் ஜலதோஷத்தைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பிக்கும். கேட்டவர் அதற்குள் பத்தடி தாண்டிப் போயிருப்பார். கடையில் விலைச்சீட்டைப் பார்த்துச் சரியாக எண்ணி நீட்டும்; பல மாநிலங்களில் வரி கல்லாவில்தான் சேரும், சில்லறை போதாது.

எல்லாவற்றையும்விடக் கதவு. பிரெஞ்சு வீட்டில் உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளியலறைக் கதவு சாத்தியே இருக்கும். அமெரிக்க வீட்டில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே ஆள் என்று அர்த்தம், வெளியே வந்ததும் திறந்து விட வேண்டும். பிரெஞ்சுப் பையன் காலையில் குளித்துவிட்டு வளர்ந்த முறைப்படி ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போவான். பள்ளிக்கும் ஆபீசுக்கும் நேரமாகிற வீட்டார் மூன்று பேர் துண்டும் தோளுமாக வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள். தட்டினால் விருந்தாளி என்ன நினைப்பானோ என்று ஒருவரும் தட்டமாட்டார்கள். அவன் கீழே கார்ன் ஃப்ளேக்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.