எலுமிச்சை அடங்கிய பிறகு தெரியும் தரம்

கடலோர ஊரான எங்கள் கீழக்கரையில் சென்ட் குப்பி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும்போது, பெட்டியில் மிட்டாயோடும் தைலத்தோடும் அத்தரும், அகில் மரத்தின் மணமான ஊதும் கட்டாயம் வரும். இதனால் ஒரு மணத்தின் மதிப்பை அது எத்தனை நேரம் நிற்கிறது என்பதை வைத்தே இங்கே பேசுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூசிய ஊது, மறுநாள் சலவைக்குப் போடும் சட்டையிலும் இருந்தால்தான் அது நல்ல சரக்கு. எலுமிச்சை, ஆரஞ்சு இனப் பழங்களின் மணமுள்ள இலேசான சென்ட்டான சிட்ரஸ் கொலோனை இந்த அளவுகோலால் அளந்தால் அது முதல் சுற்றிலேயே தோற்றுவிடும். என் மூத்த காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த, ஆண்களுக்கான காரசாரமான சிட்ரஸ் கொலோன் ஒன்றை இந்தக் கோடை முழுவதும் பூசிப் பார்த்துவிட்டேன். அந்த அளவுகோல் இந்தக் கடற்கரைக்கும் பொருந்தாது, இந்த வகை மணத்துக்கும் பொருந்தாது என்பது என் முடிவு.

கொலோன் என்பதே நெடுநேரம் நிற்பதற்காகப் பிறந்ததல்ல. இத்தாலியிலிருந்து வந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய ஃபரீனா குடும்பத்தினர் 1709இல் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கி, பெர்கமாட் என்ற சிட்ரஸ் பழம், எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோல் எண்ணெய்களைச் சாராயத்தில் கரைத்து விற்ற நீர்தான் இந்த வகைக்கே பெயர் தந்தது. அந்த மரபில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான் இருக்கும். மீதமெல்லாம் சாராயமும் நீரும். இன்று 'பர்ஃப்யூம்' என்ற அடைமொழியோடு வரும் குப்பிகளில் அது 15 பங்குக்கு மேல் போகிறது. ஆனாலும் எண்ணெயின் அளவைக் கூட்டிவிட்டால் எலுமிச்சை நெடுநேரம் நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலும், எலுமிச்சைத் தோல் எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். மிக இலேசான மூலக்கூறாகிய அது சூடு பட்டதும் பறந்துவிடும். சித்திரை வெயிலில், உடம்புச் சூட்டில், கடற்காற்றில் அது அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய காரியம். அது போவது குப்பியின் குற்றமன்று; எப்படிப் போகிறது, போன இடத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பவற்றில்தான் செய்தவரின் திறமை இருக்கிறது.

இனி என் கையில் இருக்கும் குப்பிக்கு வருகிறேன். குளித்துத் துவட்டிய உடம்பில், மார்பிலும் முழங்கையின் உட்புறத்திலும் ஒவ்வொரு முறை அடித்தால் முதலில் எழுவது பழத்தின் சாறன்று, தோல். பச்சை எலுமிச்சையின் தோலை நகத்தால் கீறும்போது கண்ணில் தெறிக்குமே, அந்தக் கசப்பும் காரமும் கலந்த எண்ணெய்தான் அது. இனிப்பு துளியும் இல்லை. எலுமிச்சைக்கு எலுமிச்சை மணத்தைத் தரும் சிட்ரால் என்ற பொருள் அந்த எண்ணெயில் சில பங்குதான் இருக்கும். எலுமிச்சைப் புல்லின் எண்ணெயிலோ அதுவே பெரும்பங்கு. மலிவாகச் செய்பவர்கள் சிட்ராலை அள்ளிப் போட்டுவிடுவதால்தான் பல எலுமிச்சை சென்ட்டுகள் பாத்திரம் துலக்கும் சோப்பை நினைவூட்டுகின்றன. இந்தக் குப்பியில் அந்தத் தவறு நடக்கவில்லை. எலுமிச்சைக்குப் பின்னால் பெர்கமாட்டின் பூ கலந்த மென்மையும், அதற்கும் பின்னால் கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையிலிருந்தும் சிறு கிளையிலிருந்தும் வடிக்கும் பெட்டிகிரெய்ன் எண்ணெயும் வருகின்றன. நாரத்தை இலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அந்தப் பச்சை மணம் புதிதாக இருக்காது. ஏறத்தாழ இருபது நிமிடம் நீடிக்கும் இந்தப் பகுதிக்காகவே குப்பியைப் பாராட்டலாம்.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. நம் கடற்கரைக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. 'காரம்' வேண்டுமென்பதற்காகக் பம்பளிமாசு இனத்துக் கிரேப்ஃப்ரூட் பழத்தின் மணத்தைத் தாராளமாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பழத்தின் தனித்த மணத்துக்குக் காரணம், கந்தகம் கலந்த ஒரு சேர்மம். மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். மனிதனின் அக்குள் வியர்வை மணத்திலும் கந்தகச் சேர்மங்களுக்குப் பங்குண்டு. குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர் மீது கம்பீரமாக இருக்கும் கிரேப்ஃப்ரூட், கூட்டம் நெரியும் பேருந்தில் கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் போய் இறங்குவதற்குள் வியர்வையோடு சேர்ந்து வேறொன்றாகிவிடுகிறது. என் மனைவி மூக்கால் எதையும் எளிதில் ஏற்றுக்கொள்ளாதவர். முதல் நாள் மாலை சட்டையை வாங்கி முகர்ந்துவிட்டு, இது சென்ட்டா, வேர்வையா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அக்குளுக்கு அருகில் அடிக்காமல், சட்டையின் முன்பக்கத்தில் உட்புறமாக அடிக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது.

மீன் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் எந்த மணமும் அதைத் தாண்டித்தான் மூக்கை அடைய வேண்டும். மீன் ஆய்ந்த கையில் எலுமிச்சையைத் தேய்த்தால் வாடை போகிறதே, எலுமிச்சைக் கொலோன் அடித்தாலும் போகும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போகாது. மீனின் வாடைக்குக் காரணம் அமீன் எனப்படும், புளிப்புக்கு எதிரான காரத்தன்மையுள்ள பொருள்கள். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அவற்றோடு வினைபுரிந்து, ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுவதால்தான் கை சுத்தமாகிறது. கொலோனில் இருப்பதோ தோலின் எண்ணெய். அதில் புளிப்பே கிடையாது. கருவாடு காயும் மணற்பரப்பைக் கடந்து போகும்போது சிட்ரஸ் மணம் அந்த வாடையை மூடுவதில்லை. இரண்டும் தனித்தனியே மூக்கில் ஏறுகின்றன. அந்த இடத்தில் கனத்த ஊதுதான் வெல்லும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாம் மணி நேரத்தில்தான் என் முக்கியமான குறை தொடங்குகிறது. எலுமிச்சை விலகியதும் அடியிலிருந்து அம்ப்ராக்ஸன் என்ற செயற்கை மணம் மேலெழுகிறது. திமிங்கல எச்சமான அம்பரைத் தெரியாத கடற்கரை இது அன்று. அதைக் கடத்தி வைத்திருந்து பிடிபட்ட செய்திகள் மன்னார் வளைகுடாக் கரையோரத்திலிருந்து அடிக்கடி வருகின்றன. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அம்ப்ராக்ஸன் அந்த அம்பரின் மணத்தைத் தரும் மாற்றுப் பொருள். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கொண்டு செய்கிறார்கள். திமிங்கலத்துக்குத் தீங்கில்லாத இந்த வழியை நான் மனமார வரவேற்கிறேன். அளவோடு இட்டால் உப்புக் காற்றின் நினைவைத் தரும் அழகான பொருளும் அதுவே. இந்தக் குப்பியிலோ, 'எட்டு மணி நேரம் நிற்கும்' என்று சொல்ல வேண்டிய கட்டாயத்துக்காக அதை அளவு மீறி இட்டிருக்கிறார்கள். எலுமிச்சை இருந்த இடத்தில் பகல் முழுவதும் வறண்ட, கூர்மையான ஒரு மரவாடை நிற்கிறது. வெயில் ஏற ஏற நெற்றியைப் பிடிக்கிறது. மணம் நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் நிற்பது நான் விரும்பிப் பூசிக்கொண்ட மணமன்று.

இதை அழகாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1966இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் தியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'ஓ சோவாஜ்' என்ற சென்ட் எலுமிச்சைக்கு அடியில் ஹெடியோன் என்ற, மல்லிகையின் சாயலுள்ள இலேசான பொருளை வைத்தது. எலுமிச்சை மறைந்த பிறகும் அதன் வெளிச்சம் மறையாததுபோல் தோன்றும். 2006இல் இன்னொரு வாசனைக் கலைஞரான ஜான் க்ளோட் எலெனா செய்த 'தெர் தேர்மெஸ்' என்ற சென்ட் ஆரஞ்சையும் கிரேப்ஃப்ரூட்டையும் வெட்டிவேரின் மீது நிறுத்தியது. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போட்டுக் குடித்து வளர்ந்த நமக்கு, கோடையில் வெட்டிவேரை விடப் பொருத்தமான அடித்தளம் வேறு எது? சிட்ரஸ் போனதும் குளிர்ந்த மண்ணின் வாசம் மிஞ்சுவது ஒரு வகை. மருந்துக்கடை அலமாரியின் நெடி மிஞ்சுவது வேறு வகை. கடையில் காகிதப் பட்டையில் அடித்து நீட்டும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. அந்தச் சில நிமிடத்தில் எல்லாக் குப்பிகளும் நல்லவைதான். கையில் அடித்துக்கொண்டு வெளியே போய், வெயிலில் நடந்து, ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவந்து முகர்ந்து பார்த்து வாங்குவதே முறை.

காற்றும் கணக்கில் வர வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற பலத்த காற்று வீசும் நாள்களில் தென்கடல் பக்கம் எதை அடித்தாலும் நமக்கு முன்னால் நடப்பவருக்குத்தான் மணக்கும். அப்போது இந்தக் குப்பியின் முரட்டுத்தனம் குறையாகவே தெரிவதில்லை. திறந்த வெளியில், மாலை நேரத்தில், கடலோரம் நடக்கும்போது அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மூடிய அறையிலும் பேருந்திலும்தான் பிறரை வருத்துகிறது.

சில நடைமுறைச் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். பெர்கமாட் எண்ணெயில் இயல்பாகவே உள்ள பெர்காப்டென் என்ற பொருள் தோலில் பட்டு வெயில் படும்போது தோலைச் சுட்டுக் கருந்தழும்பை உண்டாக்கக் கூடியது. இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதை நீக்கிய எண்ணெயையே பயன்படுத்துகின்றன. என்றாலும் நம் வெயிலுக்குக் கழுத்தில் அடிக்காமல் துணி மூடிய இடத்தில் அடிப்பதே பாதுகாப்பு. குப்பியைச் சன்னலோரத்தில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் லிமோனீன் காற்றோடு வினைபுரிந்து கெட்டுப்போகும். அப்போது டர்பென்டைன் நெடி தலைகாட்டும், தோலும் அரிக்கலாம். சாராயம் கலந்தது என்பதால் தொழுகைக்குப் பூச விரும்பாதவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு அத்தரே சரி; அதில் எனக்கு மறுவாதம் இல்லை.

முதல் இருபது நிமிடத்துக்கு இந்தக் கொலோனுக்கு முழு மதிப்பெண் தருவேன். அதன் பிறகான பகலுக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் தர முடியும். குப்பி தீரும்வரை மாலை நடைக்கு மட்டும் பூசுவேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது இதையே மீண்டும் வாங்கிவர வேண்டாம் என்று காக்காவிடம் சொல்லிவிட்டேன். நிற்கும் நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்காமல், அடியில் வெட்டிவேர் இருக்கும் சிட்ரஸாகப் பார்த்து, கையில் அடித்து ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்த பிறகு வாங்கும்படி கேட்டிருக்கிறேன்.