ஒரே மாத்திரைக்குள் நான்கு மருந்து

"சளிக்கு ஒரு நல்ல மாத்திரை சொல்லுங்க சிஸ்டர்" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் சொல்வதில்லை. எது அதிகமாகப் படுத்துகிறது என்று முதலில் கேட்பேன். மூக்கு ஒழுகுகிறதா, அடைத்திருக்கிறதா, இருமலா, உடம்பு வலியா? அப்புறம், தினமும் வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். வெளிநோயாளிகள் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்ததில் படிந்துபோன கேள்விகள் இவை. இரண்டாவது கேள்விக்குத்தான் பலர் சலித்துக்கொள்வார்கள். சாதாரண ஜலதோஷத்துக்கு எதற்கு இவ்வளவு விசாரணை என்பார்கள்.

ஜலதோஷம் சாதாரணம்தான். இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்களால் அது வரலாம். பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 10 நாளில் தானாகவே போய்விடும். வழக்கமான சளி மாத்திரைகள் அந்த வைரஸைக் கொல்வதில்லை, அவஸ்தையைத்தான் குறைக்கின்றன. ஆனால் அந்த மாத்திரைக்குள் இருக்கும் மருந்துகளைச் சாதாரணம் என்று சொல்ல மாட்டேன்.

கையில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பாராசிட்டமால் 500 மி.கி., ஃபீனைல்எஃப்ரின் 10 மி.கி., குளோர்பெனிரமின் 2 மி.கி., கூடவே கொஞ்சம் காஃபின் என்பது மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று, தூக்கத்தை விரட்ட ஒன்று. வெறும் மூக்கு ஒழுகலுக்கு இதைச் சாப்பிடுகிறவர், தனக்குத் தேவையே இல்லாத மூன்று மருந்துகளையும் சேர்த்து விழுங்குகிறார்.

பாராசிட்டமாலில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள். சளி மாத்திரை ஒரு பக்கம், காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு மாத்திரை இன்னொரு பக்கம், இரவில் சூடாகக் கலக்கிக் குடிக்கும் பொடி ஒன்று. மூன்றிலும் அதே பாராசிட்டமால் இருக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச அளவு. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தொடர்ந்து மது குடிப்பவர்கள், மெலிந்தவர்கள் அந்த உச்ச அளவு வரைகூடப் போகக் கூடாது. அளவு மீறினால் முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது, வெறும் குமட்டலோடு கூடப் போகலாம். கல்லீரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் வெளியே தெரியும். அதனால் "இன்னும் ஒண்ணும் ஆகலையே" என்று காத்திருக்க வேண்டாம்.

எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவரை மகள் அழைத்து வந்திருந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து அவருக்குச் சிறுநீர் போகவில்லை. அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. சாப்பிடும் மருந்துகளைக் கேட்டபோது பிபி மாத்திரையையும் புராஸ்டேட் மாத்திரையையும் மட்டும் சொன்னார்கள். புதிதாக ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டேன். "இல்லை சிஸ்டர், அப்பாவுக்கு ரெண்டு நாளா சளி, அதுக்கு மட்டும் மாத்திரை குடுத்தேன்" என்றார் மகள். அதில்தான் விஷயம் இருந்தது. குளோர்பெனிரமின் மாதிரியான பழைய அலர்ஜி மருந்துகள் சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்திவிடும். மூக்கடைப்புக்கான மருந்தோ சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியவருக்கு இந்த இரண்டும் ஒரே மாத்திரையில் போனால் வழி அடைபடுகிறது. குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. சளி மாத்திரையை ஒரு மருந்தாகவே அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நிலைமை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதே பழைய அலர்ஜி மருந்துகள் மூளைக்குள்ளும் எளிதாகப் போகும். தூக்கம் அதனால்தான் வருகிறது. வயதானவர்களுக்குக் குழப்பம், தடுமாற்றம், கீழே விழுதல், மலச்சிக்கல், வாய் வறட்சி எல்லாம் வரலாம். குறுகிய கோண க்ளாகோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அந்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். வண்டி ஓட்டுபவர்களும் இயந்திரங்களோடு வேலை செய்பவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். மதுவோடு சேரவே கூடாது. லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதியவை மூளைக்குள் குறைவாகத்தான் நுழைகின்றன. செட்டிரிசின் பழையவற்றுக்கும் இவற்றுக்கும் நடுவில். சிலருக்கு நன்றாகவே தூங்க வைக்கும், எனவே முதல் மாத்திரையை இரவில் போடச் சொல்வேன். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்க வேண்டாம். உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். வெறும் தண்ணீர் போதும்.

இந்தப் புதிய மருந்துகள் அலர்ஜிக்கு நன்றாக வேலை செய்யும். ஜலதோஷத்துக்குப் பெரிய பலன் இல்லை. அதனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். கண்ணும் மூக்கும் அரித்து, தொடர் தும்மலோடு தண்ணீராக ஒழுகி, காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் நீடித்தால் அலர்ஜியாக இருக்கலாம். தொண்டைக் கரகரப்பில் ஆரம்பித்து, உடம்பு வலித்து, சில நாளில் சளி கெட்டியானால் ஜலதோஷம். சளி பச்சையாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். வைரஸ் சளியும் அந்த நிறத்துக்கு மாறும்.

மூக்கடைப்பு மருந்துகளைப் பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. வாய்வழியாகச் சாப்பிடும் ஃபீனைல்எஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. அதன் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்துவிடுகிறது. இன்னமும் எத்தனையோ சளி மாத்திரைகளில் அது இருக்கிறது. சூடோஎஃபெட்ரின் வேலை செய்யும். ஆனால் ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. கட்டுக்குள் இல்லாத பிபி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். படபடப்பும் தூக்கமின்மையும் மற்றவர்களுக்கும் வரலாம்.

ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். அந்த வேகம்தான் ஆபத்து. மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் மூக்கின் உட்சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கத் தொடங்கும். அந்த வீக்கத்துக்காக மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். மாதக்கணக்காகத் தலையணைக்குப் பக்கத்தில் பாட்டிலோடு தூங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மூச்சு விட முடியாத இரவு எவ்வளவு நீளம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இதிலிருந்து வெளியே வர முடியும். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிக் கொடுப்பார். சொட்டை ஒரு மூக்குத் துளையில் மட்டும் முதலில் நிறுத்தி, அது திறந்த பிறகு மறுபக்கம் நிறுத்துவது பலருக்குச் சுலபமாக இருக்கிறது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரே என்றதும் பயப்படுகிறார்கள். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை மூக்கிலிருந்து ரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே போகின்றன. இதன் பிரச்சினை பொறுமைதான். நல்ல பலன் தெரியச் சில நாள்கள், முழுப் பலனுக்கு இரண்டு வாரம் வரைகூட ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கலை" என்று தூக்கிப் போடுகிறவர்களே அதிகம். அடிக்கும் விதமும் தவறாக இருக்கும். மூக்கைச் சிந்திவிட்டு, பாட்டிலைக் குலுக்கி, தலையைச் சற்று முன்பக்கம் குனியுங்கள். வலது கையால் இடது துளையிலும் இடது கையால் வலது துளையிலும் அடியுங்கள். அப்போது நுனி தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, காதுப் பக்கம் பார்க்கும். நடுச்சுவரிலேயே தினமும் பட்டால் ரத்தம் கசியும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும், மெதுவாக மூச்சை இழுங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறவர்கள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரையோ டிஸ்டில்டு வாட்டரையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சில மாத்திரைகளோடு அது சேரும்போது நடுக்கம், வியர்வை, பதற்றம், அதிகக் காய்ச்சல் வரை போகலாம். இந்த மாத்திரைகளைப் பற்றிச் சொல்லப் பலருக்குக் கூச்சம். என்னிடம் தனியாகச் சொன்னாலும் போதும். கோடீன் கலந்த சிரப் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். சிலருடைய உடம்பு அதை வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும், மூச்சு மந்தப்படும்.

நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கலவைச் சளி சிரப்பை நீங்களாகக் கொடுக்காதீர்கள். பலன் குறைவு, ஆபத்து அதிகம். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி பால் அல்லது தண்ணீர், ஒரு வயதைத் தாண்டிய குழந்தையின் இருமலுக்குக் கொஞ்சம் தேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியாவால் பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோய் வரலாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ரேய் நோய் என்ற அரிதான, கொடிய பாதிப்பு வரலாம். பாராசிட்டமால் கொடுத்தால் குழந்தையின் எடைக்கு அளவு: ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பச்சைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மி.கி. இருக்கும் வகை உண்டு. சிரப்பில் 5 மில்லியில் 120 மி.கி. இருக்கும் வகை உண்டு. சிரப்பின் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். சமையல் ஸ்பூன் வேண்டாம். மருந்தோடு வரும் அளவுக்குப்பியில் அல்லது சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

பத்து நாளாகியும் குறையவில்லை, குறைந்த பிறகு காய்ச்சல் திரும்ப வந்தது, கண்ணைச் சுற்றி வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்குக் கீழான குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலோ, எந்தக் குழந்தையானாலும் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்து வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கொடுத்த எல்லா மருந்தின் அட்டையையும் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.